அரைக்கால் குதிரையில் பூப்பிரதட்சிணம்

1884-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ஆம் தேதி காலையில் சான் பிரான்சிஸ்கோ நகரத்திலிருந்து கிழக்குத் திசையை நோக்கிப் புறப்பட்ட தாமஸ் ஸ்டீவன்ஸ் என்னும் ஆங்கிலேயர், முப்பது பிராயத்தை இன்னும் எட்டாதவர். தனவந்தருமல்லர், பெயர் பெற்ற பந்தய வீரருமல்லர். அவர் ஏறி அமர்ந்திருந்தது, மனிதனின் மார்பளவுக்கு உயர்ந்த முன்சக்கரமும் அதன் பின்னே மிகச் சிறியதொரு சக்கரமும் கொண்ட, அக்காலத்து உயர்சக்கர சைக்கிள். அவர் கொண்டுபோன மூட்டையைக் கேட்டால், அடுத்த ஊருக்குக் கலியாணத்துக்குப் புறப்படுகிற எவரும் நகைப்பார்கள்: காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, இரவில் கூடாரமாகவும் படுக்கையாகவும் உபயோகப்படக்கூடிய ஒரு மழைக்கோட்டு, ஒரு சிறு கைத்துப்பாக்கி, ஏறக்குறைய இவ்வளவே. இதைக்கொண்டு அவர், கப்பலிலும் ரயிலிலும் கழிந்த தூரத்தை நீக்கி, சைக்கிளோடு மாத்திரம் சுமார் 13,500 மைல் கடந்து, 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி ஜப்பானிலுள்ள யோகஹாமாத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்.

இத்தகைய யாத்திரைகளைப் பற்றி எழுதுவோர் யாத்திரிகரின் மனத்துணிவையே பெரிதும் சிலாகித்துப் பேசுவது வழக்கம். துணிவு வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் துணிவு மாத்திரம் எந்தச் சக்கரத்தையும் மேட்டில் ஏற்றிவிடாது. உலகத்தைச் சுற்றப் புறப்படுகிறவன் எல்லாவற்றுக்கும் முன்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, தன் சரீரம் எத்துணைச் சொற்பமான திறனுடைய எந்திரம் என்பதையே. எந்தச் சைக்கிள், எவ்வளவு மூட்டை, எந்தத் திசை, எந்தப் பருவம் என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தச் சொற்பத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஜேம்ஸ் வாட் வகுத்த குதிரைத் திறன் என்னும் அளவு, இன்றைய கணக்கில் 746 வாட் ஆகும். ஆரோக்கியமுள்ள ஒரு மனிதன் சில விநாடிகளுக்கு ஒரு முழுக் குதிரைத் திறனைக்கூட வெளிப்படுத்த வல்லவன். மாடிப்படிகளில் தலைதெறிக்க ஓடுகிறவன் அதைத்தான் செய்கிறான். ஆனால் காலை முதல் மாலை வரையில் எட்டு மணி நேரம் உழைத்து, மறுநாளும் அதற்கு மறுநாளும் அவ்வாறே உழைக்க வேண்டுமென்றால், அவன் சலிப்பின்றிக் கொடுக்கக்கூடியது தொண்ணூறு வாட்டுக்குச் சற்று மேல், அதாவது அரைக்கால் குதிரை. வீட்டுக் கூடங்களில் முன்பெல்லாம் தொங்கிய நூறு வாட் குண்டு பல்பை எரிப்பதற்கும் சற்றே போதாத இந்தத் திறனைக் கொண்டுதான் பூமியைச் சுற்றியாக வேண்டும்.

போதாது என்று தோன்றும். நடந்து செல்கிறவனுக்கு மெய்யாகவே போதாது. நடையில் நாம் முன்னே செல்வதற்காகச் செலவிடும் ஆற்றலைவிட, ஒவ்வோர் அடிக்கும் உடலை மேலே தூக்கிக் கீழே இறக்குவதிலும், இறங்கும் உடலைத் தசைகளால் தாங்கிப் பிடிப்பதிலும், வீசிய காலை நிறுத்தி மறுபடி வீசுவதிலும் விரயமாவது அதிகம். சைக்கிளோ, அமர்ந்திருப்பவனுடைய பாரத்தைத் தானே சுமந்துகொண்டு, அவனுடைய தொடைத் தசைகளை, அவை எந்த வேகத்தில் சுருங்கினால் மிகுந்த பலன் தருமோ அந்த வேகத்திலேயே சுருங்கவிடுகிறது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த எஸ். எஸ். வில்சன் என்னும் பொறியியலாளர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரையில், நடக்கிற மனிதன் தன் எடையில் ஒரு கிராமை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல முக்கால் கலோரி செலவிடுகிறான் என்றும், சைக்கிளில் ஏறியவுடன் அச்செலவு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது என்றும் கணக்கிட்டு, ஓடுவன, பறப்பன, நீந்துவன, எந்திரத்தால் இயங்குவன ஆகிய அனைத்திலும் சைக்கிள் ஏறிய மனிதனே பிரயாணச் சிக்கனத்தில் முதலிடம் பெறுகிறான் என்று காட்டினார். இயற்கை நமக்கு அளிக்காமற்போன சலுகையை ஒரு கருமான் பட்டறை அளித்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஸ்டீவன்ஸினுடைய சைக்கிள் இந்தச் சலுகையை அரைகுறையாகவே அளித்தது. அதில் செயின் கிடையாது. பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகையால் ஒரு மிதிக்கு அதிக தூரம் செல்ல வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவது தவிர வேறு வழியில்லை. ஏறுகிறவனுடைய கால் எட்டுகிற மட்டும் சக்கரம் வளர்ந்துகொண்டே போனதற்கு இதுவே காரணம். ஸ்டீவன்ஸின் சக்கரம் ஐம்பது அங்குலக் குறுக்களவு உடையது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு மீட்டர். சமதரையில் இது நேர்த்தியான அளவு. மேட்டிலோ கதையே வேறு. ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து நூறு கிலோ என்று வைத்துக்கொண்டால், இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அரைக்கால் குதிரை மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தையே தரும். அந்த வேகத்தில் ஸ்டீவன்ஸின் பெடல் நிமிஷத்துக்கு ஏறக்குறைய இருபத்தைந்து சுற்றுத்தான் சுற்றும். அதே திறனைக் குறைந்த சுற்றுகளில் கொடுக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு மிதியும் தசையைப் பிழிந்தெடுக்கும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், தன் எடை முழுவதையும் ஒரு பெடலின்மேல் ஏற்றி நின்றாலும் சக்கரம் திரும்பத் தயங்கும். இன்றைய யாத்திரிகன் முன்னே சிறிய பற்சக்கரத்தையும் பின்னே பெரிய பற்சக்கரத்தையும் செயினால் இணைத்து, அதே மேட்டில் நிமிஷத்துக்கு எழுபது சுற்று என்று சாவகாசமாக மிதித்துக்கொண்டு போகிறான். கியர் என்பது திறனைக் கூட்டுவதில்லை. இருக்கிற திறனைக் கால் விரும்புகிற தாளத்தில் செலவிட இடங்கொடுக்கிறது.

எனவே ஸ்டீவன்ஸ் நடந்தார். சியரா நெவாடா மலைகளில் பனி மூடிக் கிடந்தமையால் தண்டவாளங்களுக்குமேல் கட்டப்பட்ட பனிக்கூரைகளுக்குள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவ்வாண்டு ஆகஸ்டு 4-ஆம் தேதி பாஸ்டனை அடைந்தபோது, சுமார் 3,700 மைல் பாதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் கால்நடையாகவே வந்திருந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பதை அறிந்தவனே நெடுந்தூரம் ஏறிச் செல்கிறான்.

அந்தச் சைக்கிளுக்கு வேறொரு துர்க்குணமும் உண்டு. ஏறுகிறவன் முன்சக்கர அச்சுக்கு ஏறத்தாழ நேர் மேலே அமர்ந்திருப்பதால், சக்கரம் ஒரு கல்லில் தடுக்கி நின்றால், பின்பாகம் முழுவதும் அச்சைச் சுற்றி எழும்பி அவனைத் தலைகீழாக முன்னே எறியும். ஹேண்டில்பார் தொடைகளுக்குக் குறுக்கே இருப்பதால் கால்களை விடுவித்துக்கொள்ளவும் அவகாசம் இராது. டயரோ திண்ம ரப்பர். பாதையிலுள்ள ஒவ்வொரு சரளைக் கல்லின்மேலும் அது ஏறும்போது, ஆளையும் எந்திரத்தையும் சேர்த்து அந்தக் கல்லின் உயரத்துக்குத் தூக்கியாக வேண்டும். அதற்குச் செலவான ஆற்றல் இறங்கும்போது திரும்பிவருவதில்லை, எலும்பையும் தசையையும் உலுக்கிச் சூடாகிக் கரைந்துபோகிறது. காற்றடைத்த டயர் கல்லைத் தன்னுள் விழுங்கிக்கொண்டு மேலிருப்பவனை அசையாமல் விடுகிறது. ஸ்டீவன்ஸ் லிவர்ப்பூலிலிருந்து இரண்டாம் கட்டப் பிரயாணத்தைத் தொடங்கிய 1885-ஆம் ஆண்டிலேயே, அதே இங்கிலாந்தில், ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறையச் சமமாய், செயினால் பின்சக்கரத்தைச் சுழற்றுகிற ரோவர் சைக்கிளை வெளியிட்டார். 1888-இல் பெல்பாஸ்டு நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். உலகத்தை முதன்முதலாகச் சைக்கிளில் சுற்றியவர், சுற்றி முடிப்பதற்குள்ளாகவே பழமையாகிப்போன ஒரு சைக்கிளில் சுற்றினார் என்பது விசித்திரமான உண்மை. அவருக்கு வாய்த்த மிகச் சிறந்த பாதைகளில் ஒன்று நம் தேசத்திலேதான் இருந்தது: ஆப்கானிஸ்தானத்தில் பாரா என்னுமிடத்தில் தடுக்கப்பட்டுப் பாரசீகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அவர், கப்பலேறிக் கராச்சி வந்து, லாகூர் முதல் கல்கத்தா வரையில், சுக்கான்கல் கெட்டித்த கிராண்ட் டிரங்க் சாலையில் உருண்டு சென்றார்.

மேட்டைப் பற்றி இவ்வளவு பேசியபின், மேட்டைவிடப் பெரிய விரோதி ஒன்று உண்டென்று சொன்னால் அநுபவமில்லாதவர்கள் நம்பமாட்டார்கள். அது காற்று. நல்ல தார்ச் சாலையில், காற்றசையாத நாளில், அரைக்கால் குதிரை நம் நூறு கிலோவை மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுசெல்லும். அப்போது அந்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு, டயரையோ சாலையையோ சாராமல், முன்னேயுள்ள காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதாலும், திறன் அந்த எதிர்ப்பை மறுபடி வேகத்தால் பெருக்கக் கிடைப்பதாலும், இருபதை முப்பதாக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவன் ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டே முக்கால் மடங்கு உழைக்க வேண்டியவனாகிறான். மேடு ஏறினால் ஒரு நாள் இறக்கமும் வரும். காற்று அப்படி நாணயமாக நடந்துகொள்வதில்லை. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகமுள்ள காற்று எதிரே வீசினால் நம் வேகம் பத்தரையாகக் குறைகிறது. அதே காற்று முதுகில் வீசினால் முப்பத்திரண்டாக உயர்கிறது. ஆதாயமும் நஷ்டமும் சரிக்குச் சரி என்று கூறுவோர் கணக்கைச் சரியாகப் போடாதவர்கள். நாற்பது கிலோமீட்டர் எதிர்காற்றில் போய், அதே நாற்பதைப் பின்காற்றில் திரும்பினால் மொத்தம் ஐந்து மணிக்கு மேலாகிறது. காற்றில்லாத நாளில் நான்கு மணியே போதும்.

புறப்படுமுன் உலகப் படத்தை விரித்துத் திசையைத் தீர்மானிப்பதற்குக் காரணம் இதுதான். பூமியின் இரு பாதிகளிலும், ஏறக்குறைய முப்பது முதல் அறுபது பாகை வரையுள்ள அட்சங்களில், பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசுகிறது. பூமத்திய ரேகையை அடுத்து எழும் உஷ்ணக் காற்று துருவப் பக்கம் நகர்ந்து இறங்கி, பூமியின் சுழற்சியால் கிழக்கே திருப்பப்படுவதன் விளைவு அது. ஆகவே கிழக்கு நோக்கிச் செல்வதே இலாபம். 2017-இல் பாரிசிலிருந்து புறப்பட்டு 78 நாள் 14 மணி 40 நிமிஷத்தில் உலகைச் சுற்றிய மார்க் பியூமாண்ட் கிழக்கு நோக்கியே போனார். இத்தகைய சாதனைகளுக்கு ஒரு சட்டமும் உண்டு: சைக்கிளிலேயே 18,000 மைலுக்குக் குறையாமல் செல்ல வேண்டும், கப்பல், விமானம் எல்லாம் சேர்த்துப் பூமத்திய ரேகையின் நீளத்தைத் தாண்ட வேண்டும், ஒரே திசையில் போக வேண்டும், பூகோளத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு இடங்களைத் தொட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தவுடன் எவரும் கோளத்தை எடுத்துப் பார்ப்பார்கள். நிலப்பரப்புக்கு நேர் எதிரே பெரும்பாலும் சமுத்திரமே இருப்பதால், ஸ்பெயினுக்கு எதிரே நியூசிலாந்து என்பது போன்ற வாய்ப்பான ஜோடிகள் சிலவே. 2024-இல் லேல் வில்காக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 108 நாள் 12 மணி 12 நிமிஷத்தில் இச்சட்டத்தை நிறைவேற்றிச் சிகாகோவுக்குத் திரும்பினார். அவசரமாகச் சுற்றுவதில் எனக்குப் பெரிய மோகம் கிடையாது. ஆனால் காற்றின் கணக்கு அவசரக்காரர்களிடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

இனி மூட்டை. ஒரு கிலோ கூடுதலான பாரம் சமதரையில் உண்டாக்கும் தடை அற்பமானது; ஒரு தலைப்பாகை காற்றில் படபடப்பதால் உண்டாகும் தடைக்கு அது ஈடாகாது. ஆனால் ஆயிரம் மீட்டர் உயரமுள்ள கணவாய் ஒன்றில் வேண்டாத பத்துக் கிலோவைத் தூக்கிச் செல்கிறவன், அதற்காக மட்டும் பதினேழு நிமிஷத்துக்கு மேல் மிதிக்க வேண்டியிருக்கிறது. ஆல்ப்ஸ், காகசஸ், இந்துகுஷ் என்று கணவாய்களை எண்ணினால், விட்டுவர மனமில்லாத ஒரு பெட்டி எத்தனை பகற்பொழுதை விழுங்கும் என்பது விளங்கும். அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்பி என்னும் அம்மையார், பத்தாவது பிறந்த நாளில் சைக்கிளும் உலகப் படப் புத்தகமும் பரிசாகப் பெற்றபோதே இந்தியாவுக்குச் சைக்கிளில் போவதென்று முடிவு செய்து, 1963-ஆம் ஆண்டின் கொடிய குளிர்காலத்தில் புறப்பட்டவர். அவர் ஆசியப் பாதைகளுக்குத் தாங்காது என்று கருதித் தம் சைக்கிளின் மூன்று கியர்களையும் கழற்றிவிட்டு, மாற்று டயர்களைச் சுமக்காமல் வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பிவைத்தார். கியரைக் கழற்றியதை நான் ஏற்கமாட்டேன். பழுதுபார்க்க முடியாத எதையும் கொண்டுபோகாதே என்கிற அந்த விவேகத்தை மட்டும் வணங்குகிறேன்.

பழுது என்றவுடன் பஞ்சரையே எல்லாரும் நினைக்கிறார்கள். பஞ்சர் ஒரு பொருட்டல்ல. நெடும்பிரயாணத்தின் உண்மையான வியாதி பின்சக்கரத்துப் போக்ஸ் கம்பிகளில் இருக்கிறது. சக்கரம் கம்பிகளின்மேல் நிற்பதாக நாம் எண்ணுகிறோம். மெல்லிய கம்பி அழுத்தத்தைத் தாங்காது, வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளும் முன்பே இழுத்து முறுக்கேற்றப்பட்டிருப்பதால், அடியில் வரும் கம்பி தன் முறுக்கில் கொஞ்சத்தை இழப்பதன் மூலமாகவே பாரத்தைச் சுமக்கிறது. மேலே போனதும் பழைய முறுக்கு திரும்புகிறது. இவ்வாறு தளர்வதும் இறுகுவதும் ஒரு சுற்றுக்கு ஒரு தரம். மேற்சொன்ன 18,000 மைலில் சாதாரணச் சக்கரம் ஒன்று சுமார் 1 கோடியே 38 லட்சம் தடவை சுற்றுகிறது. ஒரு தடவை இழுத்தால் ஒன்றும் ஆகாத உருக்கு, கோடித் தடவை இழுத்தால், கம்பியின் வளைந்த கொண்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விட்டு, ஒரு நாள் காரணமே இல்லாததுபோல் அறுகிறது. ஆதலால் அநுபவசாலிகள் முப்பத்தாறு கம்பிச் சக்கரத்தையும், எந்த ஊர்க் கடையிலும் டயர் கிடைக்கக்கூடிய அளவையும் நாடுகிறார்கள். 1962-இல் ஜெர்மனியிலுள்ள தம் ஊரை விட்டுப் புறப்பட்டு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சுற்றி 6,00,000 கிலோமீட்டரைத் தாண்டிய ஹைன்ஸ் ஸ்டூக்கே ஓட்டியது, மூன்றே கியர்கள் கொண்ட கனத்த இரும்புச் சைக்கிள்.

எந்திரத்துக்கு எண்ணெய் போல் ஆளுக்கு ஆகாரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாகாது, கணக்கு சுவையானது. எட்டு மணி நேரம் அரைக்கால் குதிரை வேலை செய்தால் உண்டாகும் பயன் வேலை சுமார் 640 கிலோகலோரிதான். தசையோ தான் எரிக்கும் உணவில் நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது. ஆகவே 2,600 கிலோகலோரி, அதாவது முக்கால் கிலோ அரிசிக்குச் சமமான உணவு, வழக்கமாக உண்பதற்கும் மேலே தேவைப்படுகிறது. மீதி முக்கால் பங்கும் உஷ்ணம். அதை வெளியேற்ற மணிக்கு அரை லிட்டர் அளவுக்கு வியர்வை ஆவியாக வேண்டும். 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி பம்பாயிலிருந்து புறப்பட்ட ஆறு பார்சி இளைஞர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பும்காரா ஆகிய மூவர் சுமார் 71,000 கிலோமீட்டர் சுற்றி 1928-இல் ஊர் திரும்பினார்கள். பாக்தாதிலிருந்து அலெப்போ வரையில் பாலைவனத்தைக் கடந்த அவர்களுக்கு இந்த அரை லிட்டர் புத்தகக் கணக்காக இருந்திராது. தண்ணீரைப் பொறுத்த மட்டில் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுமந்துதான் ஆக வேண்டும்.

புறப்படுவதற்கு முன் எவ்வளவு காலம் பயிற்சி செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்லக்கூடியது, பாதையே பயிற்சி தரும் என்பதே. ஆனால் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். தினந்தோறும் உழைக்கத் தொடங்கிய சரீரம் முதலில் செய்வது இரத்தத்தின் நீர்ப்பாகத்தைப் பெருக்கிக்கொள்வது. சில நாட்களிலேயே இதயம் ஒரு துடிப்புக்கு முன்னிலும் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. பத்துப் பதினான்கு நாட்களில் வியர்வை முந்திச் சுரந்து, அதில் உப்புக் குறைகிறது. தசைக்குள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்கள் கிளைப்பதற்கும், உணவை எரிக்கும் நுண்ணுறுப்புகள் பெருகுவதற்கும் வாரங்கள் ஆகின்றன. தசைநாண்களோ எல்லாவற்றிலும் மந்தம். நுரையீரலும் தொடையும் தயாராகிவிட்ட உற்சாகத்தில் இரண்டாம் வாரம் வேகம் பிடிக்கிறவனுடைய முழங்கால் மூன்றாம் வாரம் அவனை நிறுத்துகிறது. முதல் பதினைந்து நாளும் பாதித் தூரம் செல்வதே உத்தமம்.

1894-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், ஆனி கோப்சோவ்ஸ்கி என்னும், மூன்று குழந்தைகளின் தாயான ஒரு பெண்மணி பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டார். லண்டன்டெரி என்னும் ஊற்றுநீர்க் கம்பெனியார் கொடுத்த 100 டாலருக்காக அந்தப் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார். விளம்பரத்தின் மகிமையை இத்துணை விரைவில் அறிந்தவர், சைக்கிள் ஓட்டப் பழகியதோ புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். நீண்ட பாவாடையோடு, 42 ராத்தல் எடையுள்ள கொலம்பியா சைக்கிளில் அவர் செப்டம்பர் மாதத்தில் சிகாகோவைச் சேர்ந்தபோது, மேற்கே மலைகளில் பனிக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்குள் உடலும் பாதையும் அவருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டன. பாவாடையை விட்டார், கனத்த சைக்கிளை விட்டு, அதன் எடையில் பாதியே ஆன, 21 ராத்தல் ஸ்டெர்லிங் ஆண்கள் சைக்கிளை எடுத்தார், மேற்குத் திசையையும் விட்டு, வந்த வழியே நியூயார்க்குக்குத் திரும்பி, நவம்பர் மாதத்தில் பிரான்சுக்குக் கப்பலேறினார்.